சின்ன ஆமையும் என் பயமும்

மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோது இரண்டு ஆமைகளை எங்களிடம் விட்டுப்போனாள். ஒன்பதாம் வகுப்பு முடித்த விடுமுறையில், மீன்தொட்டிக் கடையில் அடம்பிடித்து வாங்கியவை. கன்னத்தில் சிவப்புக் கோடு ஓடும் பச்சை ஆமைகள். வாங்கும்போது இரண்டும் ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தன. மூன்று வருடத்தில் ஒன்று என் உள்ளங்கையைத் தாண்டி வளர்ந்துவிட்டது. மற்றது அதில் பாதிகூட இல்லை. அவள் வைத்த பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. எனக்கு அவை பெரியது, சின்னது; என்னிடம் பேசும்போது அவளும் அப்படியே சொல்வாள்.

நான் ஒரு நாளும் அவற்றைத் தொட்டதில்லை. சுவரில் பல்லி ஓடினாலே அந்த அறைக்குள் போகாத ஆள் நான். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வகுப்பில் என் குரலுக்கு அறுபது பிள்ளைகள் அடங்கும். வீட்டில் ஒரு கரப்பான்பூச்சிக்குக் கணவரைக் கூப்பிடுவேன்.

ரயில் ஏறும்போது மகள் மூன்று விஷயம் சொன்னாள். இரண்டு வேளை தீனி, வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுவது, காலையில் ஜன்னலைத் திறந்து வெயில் விழவிடுவது. நான் தீனியை மட்டும் ஒழுங்காகப் போட்டேன். அவள் அறைக் கதவைத் திறப்பேன், டப்பாவிலிருந்து குருணைத் தீனியைத் தொட்டிக்குள் தூவுவேன், உடனே கதவைச் சாத்திவிடுவேன். தூவிய தீனி மறுநாள் இருக்காது. அதனால் இரண்டும் நன்றாகத் தின்கின்றன என்று நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசி மாதத்து ஒரு சனிக்கிழமை, கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. தொட்டிக் கண்ணாடி முழுக்கப் பாசி. கணவர் கப்பால் தண்ணீரை மொண்டு வாளியில் ஊற்ற ஆரம்பித்தார். நான் வாசலில் நின்றேன். தண்ணீர் பாதியாகக் குறைந்தபோது, மூலையில் குழாய்க்குப் பின்னால் சின்னது ஒருபக்கமாகச் சாய்ந்து மிதப்பது தெரிந்தது. கண்ணிரண்டும் வீங்கி மூடியிருந்தன. கழுத்துத் தோல் கிழிந்து தொங்கியது. பின்னங்காலில் வெள்ளையாகச் சதை தெரிந்தது. வால் நுனியைக் காணவில்லை.

"செத்துப்போச்சா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் கரண்டிக் காம்பால் மெல்லத் தொட்டார். சின்னது தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. 'உஸ்' என்று காற்று வெளியேறும் சத்தம் வந்தது. பாம்பு என்று நினைத்து நான் கூடத்துக்கு ஓடிவிட்டேன்.

"உசுரு இருக்கு, இங்கன வா" என்றார்.

திரும்பி வந்து எட்டிப் பார்த்தேன். எங்கள் கண் முன்னாலேயே பெரியது நீந்திவந்து, சின்னதின் பின்னங்காலைக் கவ்வி ஒரு இழுப்பு இழுத்தது. சின்னது விலகவில்லை. காலைக்கூட உதறவில்லை. கடிக்கிறவரைக்கும் கடிக்கட்டும் என்பதுபோல அப்படியே மிதந்தது. புண்ணைப் பார்த்து வந்த பயத்தைவிட அதைப் பார்த்து வந்த பயம் பெரிது. எத்தனை நாள் நடந்திருந்தால் ஒரு பிராணி இப்படிப் பழகியிருக்கும்?

முந்தின வருடம் என் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் மெலிந்துகொண்டே போனாள். பக்கத்தில் இருந்தவர்கள் மாதக்கணக்கில் அவள் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்றிருக்கிறார்கள். அவள் அம்மா வந்து அழுதபோதுதான் எனக்குத் தெரிந்தது. தினமும் முக்கால் மணி நேரம் அந்தப் பெண்ணுக்கு எதிரே நின்று கணக்கு நடத்தியிருக்கிறேன். அந்த அம்மாவின் முகம் அன்றைக்கு ஏனோ நினைவுக்கு வந்தது. அதோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. மகளிடம் என்ன சொல்வது?

சின்னதை ஒரு சில்வர் குண்டானில் வைத்து, பாத்திரத்தின் வாயை ஈரத் துணியால் மூடி, ஆட்டோவில் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். எங்களுக்கு முன்னால் நாலு ஆடு, ஒரு கன்றுக்குட்டி, கால் ஒடிந்த நாய். குண்டான் என் மடியில் இருந்தது. உள்ளே நகம் உரசும் சத்தம் கேட்டால் பயந்தேன். கேட்காவிட்டால் இன்னும் பயந்தேன்.

டாக்டர் முப்பது முப்பத்தைந்து வயதுக்காரர். துணியை விலக்கிப் பார்த்தார்.

"ரெண்டையும் ஒரே தொட்டியிலயா வச்சிருந்தீங்க டீச்சர்?"

"ஆமா சார். மூணு வருசமா."

"ஏறி வெயில் காய எத்தன கல்லு கெடக்கு?"

"ஒன்னுதான்."

"அப்ப அதுல பெருசு ஏறிக்கிடும். அது பொட்டை, நல்லா வளரும். இது ஆணு. இதுக்கு வெயிலும் இல்ல, தீனியும் இல்ல. ஓட்டு ஓரத்த அமுக்கிப் பாருங்க."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் காத்திருந்தார். வேறு வழியில்லாமல் ஒரு விரலால் தொட்டேன். வெகுநேரம் தண்ணீரில் ஊறிய நகம்போல ஓடு வளைந்துகொடுத்தது. ஆமையின் ஓடு வளையும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"பொழச்சிருமா சார்?"

"இப்ப ஒன்னும் சொல்லுததுக்கில்ல. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏழு ஊசி போடணும். நீங்கதான் கொண்டுவரணும், நீங்கதான் பிடிக்கணும். தனித் தொட்டியில, தண்ணி இல்லாம ஈரத்துணி போட்டு வைங்க. காலையும் சாயங்காலமும் ஒரு மணி நேரம் மட்டும் தண்ணியில விடுங்க. புண்ணு காயணும்லா."

அன்று முதல் ஊசி. பாத்திரம் துலக்கும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்தேன். டாக்டர் முன்னங்காலைப் பைய வெளியே இழுத்தார். ஊசி இறங்கி முடியும்வரை நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் குடியிருப்பது ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளம். மாடியில் வீட்டுக்கார அண்ணாச்சியும் அவர் மனைவியும். பின்கட்டில் துணி துவைக்கும் இடத்தில் சின்னதுக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்தேன். மூன்றாம் நாளே அண்ணாச்சி மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னத்துக்கு டீச்சரம்மா இந்தப் பாடு? ஆத்துல கொண்டு விட்டுருங்க. தண்ணி நெறைய கெடக்கு, அது பாட்டுக்குப் பொழச்சுக்கிடும்."

வீடு அவருடையது. எதிர்த்துப் பேச எனக்குத் தைரியமில்லை. அடுத்த ஊசிக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன்.

"அத மட்டும் செஞ்சிராதீங்க" என்றார். "இது வெளிநாட்டுச் சாதி. இந்த நெலமையில விட்டா இது செத்துரும். நல்லா இருக்கையில விட்டா நம்ம ஆத்து ஆமைக்கு எடமும் தீனியும் இல்லாம ஆக்கிரும். வாங்கியாச்சுன்னா கடைசி மட்டும் நாமதான் பாக்கணும்."

இந்த ஆமைகள் முப்பது வருடம்கூட உயிரோடு இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. ஆட்டோவில் வரும்போது என் வயதோடு முப்பதைக் கூட்டிப் பார்த்தேன். அதுவும் ஒரு பயம்தான்.

புண்கள் ஆறத் தொடங்கின. மருந்து போட்ட இடம் கறுத்து, அப்புறம் தோல் மூடியது. கண் வீக்கம் வடிந்து ஒரு கண் பாதி திறந்தது. ஆனால் சின்னது தின்னவில்லை. தனித் தொட்டி, கடிக்க யாரும் இல்லை. இருந்தும் மூலையில் முகத்தைப் பதித்துக்கொண்டு கிடந்தது. தொட்டிமேல் காக்கையின் நிழல் விழுந்தால் உள்ளே போய்விடும். கொடியில் என் சேலை அசைந்தால் உள்ளே போய்விடும். தீனி போட்டால் அதைப் பார்த்தே பயந்தது. தீனி விழுந்ததும் பெரியது பாய்ந்து வரும் என்று மூன்று வருடம் கற்றிருக்கிறது அல்லவா?

காலையில் எழுந்ததும் பல் தேய்க்கும் முன்னே பின்கட்டுக்குப் போவேன். கதவின் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நிற்பேன். திறந்தால் செத்துக் கிடக்கும் என்று ஒவ்வொரு நாளும் நிச்சயமாக நம்பினேன். அப்புறம் திறந்து, தொண்டை அசைகிறதா என்று குனிந்து பார்ப்பேன். அசையும்.

மகள் இரண்டு நாளைக்கு ஒருமுறை வீடியோவில் கூப்பிடுவாள்.

"சின்னதக் காட்டும்மா."

"அது தூங்குதுட்டி."

"எப்பப் பாத்தாலும் தூங்குதுங்கிய. சரி, பெருசக் காட்டு."

பெரியதைக் காட்டுவேன். அது கல்லின்மேல் நாலு காலையும் நீட்டிக்கொண்டு, ராணி மாதிரி உட்கார்ந்திருக்கும். அந்தக் கல்லைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருக்கும். ஒரு பிராணியை அவ்வளவு வெறுத்ததை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. டாக்டர் அதற்கும் சமாதானம் சொல்லியிருந்தார். இடம் போதாததற்கு அது என்ன செய்யும், குறை தொட்டியில்தான் என்றார். அதாவது என்னிடம்.

தின்னவைக்க என்ன வழி என்று கேட்டதற்கு அவர் சொன்னது எனக்கு வினோதமாகப் பட்டது. ஒளிந்துகொள்ள ஒரு இடம் கொடுங்கள். தினமும் ஒரே நேரத்துக்குப் போங்கள், பின்னாலிருந்து போகாதீர்கள். தீனியை வைத்துவிட்டு ஓடாமல் பக்கத்திலேயே சும்மா உட்காருங்கள். உடைந்த பூந்தொட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தேன். கீழே பலகையைப் போட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து காலாண்டுப் பரீட்சைத் தாள்களைத் திருத்தினேன். சின்னது பூந்தொட்டிக்குள் இருந்தது. நான் வெளியே இருந்தேன். இரண்டு பேரும் அசையவில்லை.

நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் மீனின் ஓடு கிடைக்கும். அதைப் பொடித்துத் தீனியில் கலக்கச் சொன்னார் டாக்டர், ஓடு இறுகுவதற்கு. அது எளிது. தின்னவைக்கச் சென்னாக்குன்னிக் கருவாடு வாங்கச் சொன்னதுதான் கஷ்டம். எங்கள் வீட்டுக்குள் மீன் வாடை வந்ததே கிடையாது. மார்க்கெட்டில் கருவாட்டுக் கடைக்காரம்மாவிடம், கொசுவைவிடச் சற்றுப் பெரிய அந்த உலர்ந்த இறால் பொடியைக் கைகாட்டி, "இது கொஞ்சம்" என்றேன். யாராவது தெரிந்தவர்கள் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி, பின்கட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு கணவர் கேட்டார், "இன்னும் என்னென்ன வருது வீட்டுக்குள்ள?"

அப்படி உட்காரத் தொடங்கிய பதினோராம் நாள். தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தண்ணீரில் 'தப்' என்று ஒரு சத்தம். நிமிராமல் கண்ணை மட்டும் திருப்பினேன். பூந்தொட்டியின் விளிம்பில் சின்னதின் மூக்கு தெரிந்தது. ஒரு சென்னாக்குன்னி மிதந்துபோய் மூக்கில் இடித்தது. அது பின்வாங்கியது. மறுபடி வந்தது. வாயைத் திறந்து கவ்வி விழுங்கிவிட்டு, உடனே உள்ளே மறைந்துவிட்டது. யாரோ வந்து பிடுங்கப்போகிறார்கள் என்ற அவசரம். நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். என் பேனா ஒரு பிள்ளையின் விடைத்தாளில் பெரிய சிவப்புப் பொட்டு வைத்திருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. கார்த்திகை முடிவதற்குள் ஓட்டின் ஓரம் விரலுக்கு இறுக்கமாகத் தட்டுப்பட்டது. கையுறையை எப்போது விட்டேன் என்று நினைவில்லை.

மார்கழி பிறந்ததுமே மழை பிடித்துக்கொண்டது. ஒரு பகல் முழுக்கக் கொட்டியது, மறுநாள் விடிந்தபோதும் நிற்கவில்லை. ஏழு மணிக்குத் தெருவில் கணுக்கால் தண்ணீர். எட்டு மணிக்கு வாசல் படியைத் தொட்டது. ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டது என்று யாரோ கத்திக்கொண்டு போனார்கள். கழிவறைக்குள்ளிருந்தும் தண்ணீர் கொப்பளித்து வந்தது. கணவர் சான்றிதழ்ப் பெட்டியையும் அரிசியையும் மாடிக்குக் கொண்டுபோனார். அண்ணாச்சி படியின் நடுவில் நின்று கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

பின்கட்டுக் கதவைத் திறந்தேன். முழங்கால் அளவு செம்மண் தண்ணீர். பிளாஸ்டிக் தொட்டியைக் காணோம். வேலி ஓரமாக அது கவிழ்ந்து சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தத் தண்ணீருக்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு சாரைப்பாம்பு ஏறிக்கொண்டிருந்ததைச் சற்று முன்தான் பார்த்திருந்தேன். ஆனாலும் இறங்கிவிட்டேன். குனிந்து இரண்டு கையாலும் தண்ணீருக்கு அடியில் துழாவினேன். செருப்பு, தேங்காய் மட்டை, ஏதோ வழுக்கலான துணி. வாய்விட்டு அழுதேன். துவைக்கும் கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டபோது உருண்டையான ஒன்று தட்டுப்பட்டது. எடுத்தேன். தலை, கால், வால் எல்லாம் உள்ளே. மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினேன். அதற்குள் கணவர் பெரியதை வாளியில் போட்டு மேலே கொண்டுவந்திருந்தார்.

மாடியில் மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. கீழே தண்ணீர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. அண்ணாச்சியின் மனைவி தன் பெரிய அலுமினியச் சட்டி ஒன்றைக் கொடுத்தார். அது ஒன்றுதான் இருந்தது. வாளியில் குடிக்க மழைத்தண்ணீர் பிடிக்க வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் சட்டியில் இரண்டு விரல் அளவு மழைத்தண்ணீர் ஊற்றி, நடுவில் காய் நறுக்கும் பலகையைக் குறுக்கே செருகி, ஒரு பக்கம் பெரியதையும் மறுபக்கம் சின்னதையும் விட்டேன். ஒரு செங்கல்லையும் சின்னதின் பக்கம் வைத்தேன். அப்புறம் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க செத்த நேரம் படுங்க டீச்சரம்மா, நான் பாக்கேன்" என்றார் அண்ணாச்சி.

"வேண்டாம் அண்ணாச்சி."

"பலகைதான் இருக்குல்லா? ஒன்னும் செய்யாது."

நான் எழுந்திருக்கவில்லை. ஆனால் பிற்பகலில் சுவரில் சாய்ந்தபடி கண் அசந்துவிட்டேன். பலகை தண்ணீரில் விழும் சத்தம் என்னை எழுப்பியது. சின்னது செங்கல்லின் மேல் இருந்தது. பெரியது அதை நோக்கிக் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தது.

கையை நீட்டியிருந்தால் எடுத்திருக்கலாம், ஒரு முழம்கூட இல்லை. என்னால் முடியவில்லை. தண்ணீருக்குள் இறங்கிய அதே கை அப்போது கல்லாகிவிட்டது. பெரியது செங்கல்லின் மேல் முன்னங்காலை வைத்தது. சின்னது தலையை உள்ளே இழுக்கும் என்று நினைத்தேன். அது இழுக்கவில்லை. திரும்பி, வாயை அகலத் திறந்தது. 'உஸ்' என்ற சத்தம் மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பெரியது நின்றது. இன்னும் ஒரு அடி முன்னால் வந்தது. சின்னது அதன் மூக்கைப் பார்த்து ஒரு வெட்டு வெட்டியது; பட்டதா என்று தெரியாது. பெரியது காலை எடுத்துக்கொண்டு, சட்டியின் ஓரமாகப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அப்போதுதான் என் கை அசைந்தது. சின்னதைத் தூக்கினேன். என் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. ரத்தம் வந்தது.

"கடிச்சிட்டா?" என்று அண்ணாச்சியின் மனைவி ஓடி வந்தார்.

"ஆமாக்கா, கடிச்சிட்டு" என்றேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அன்று மிச்சப் பொழுது முழுக்க அதை என் சேலை முந்தானையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன்.

பெரியதும் அன்று புது இடத்தில் பயந்துபோயிருந்திருக்கும், அதனால்தான் பின்வாங்கியிருக்கும், இதை நம்பி மறுபடி ஒன்றாக விட்டுவிடாதீர்கள் என்று டாக்டர் பின்னால் சொன்னார். நான் விடுவேனா?

மறுநாள் சாயங்காலம் போனில் சிக்னல் வந்தது. முதல் அழைப்பு மகளுடையது. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம் என்று சொல்லி முடிக்கும்வரை அழுதாள். அப்புறம் கேட்டாள், "ஆமை ரெண்டும்?"

இனிமேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. குண்டானில் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"பயமா இருந்துச்சுட்டி. நீ வைவேன்னு."

"நாந்தாம்மா ஒரு கல்லு மட்டும் வச்சேன்" என்றாள்.

வீட்டைக் கழுவிச் சுத்தம் செய்யப் பொங்கல் வரை ஆயிற்று. மகள் வந்தாள். அதற்குள் அண்ணாச்சியே மொட்டை மாடியில் இடம் கொடுத்து, இரண்டு சிமென்ட் தொட்டிகளை ஆளுக்கொரு மூலையில் போடவைத்திருந்தார். மகள் பையைக்கூட இறக்கிவைக்காமல் மாடிக்கு ஓடினாள். அவள் நிழல் விழுந்ததும் சின்னது பூந்தொட்டிக்குள் போய்விட்டது. கூப்பிட்டுப் பார்த்தாள், வரவில்லை. "என்ன மறந்துட்டு" என்று முகம் வாடினாள். பின்னாலிருந்து போகாதே, முன்னால் வந்து உட்கார், ஒன்றும் செய்யாதே என்றேன். மூன்று நாள் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் மூக்கு மட்டும் வெளியே வந்தது. மறுநாள் அவள் ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

இப்போது சின்னது தொட்டியின் மேட்டில் ஏறி, பின்னங்கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு வெயில் காய்கிறது. வால் நுனி வளரவில்லை. கழுத்தில் கோடுபோல ஒரு தழும்பு. மழை என்று செய்தியில் சொன்னால் இப்போதும் இரண்டு மூன்று தடவை மாடிக்குப் போய்த் தொண்டை அசைகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். போன மாதம் டாக்டர் எடை பார்த்துவிட்டு, "நல்லா தேறிட்டு. இனிமே இதத் தூக்கிக்கிட்டு இங்க வரவேண்டாம் டீச்சர்" என்றார்.

இந்த மாதமும் போய்வந்தேன்.